வரைபடத்தில் ஓட்டை விழுந்த இடம்

காலை நாலரை.
மெஞ்சாவின் சமையலறை மேசையில்
பதினோரு கோடைகள் மடித்து மடித்து
நைந்துபோன வரைபடம்.
ஒரு முனையில் ஜாம் புட்டி,
மறுமுனையில் துமாஷின் முழங்கை.
எங்கள் மூவருக்கும் சேர்ந்தாற்போல் வாய்த்தது
இந்த ஒரு ஞாயிறு.

மழை மூன்று மணிக்கு என்கிறது வானொலி.
பசுக்களைப் பார்த்துவிட்டு வந்த துமாஷ்
இரண்டுக்கே என்கிறான்.

கூர்ன் வேண்டாம்.
பாதி தூரம் கம்பிவட வண்டியில் வந்து
உச்சியில் படமெடுக்க வரிசையில் நிற்பார்கள்.
குளிர்காலம் முழுக்க அந்த வண்டியின் கதவைத்
திறந்து மூடுகிறவள் நான்.
விடுமுறையிலும் அதே முகங்களா?

மூவோத் கோச்சன்?
போன ஆண்டு அந்தச் செம்மண் சரிவில்
துமாஷ் நாற்பது அடி
உட்கார்ந்தபடியே இறங்கிய கதை
மதுக்கடையில் இன்னும் ஓடுகிறது.
அவனே நடித்தும் காட்டுகிறான்.
ஆனாலும் வேண்டாமாம்.

'பன்னிரண்டு' என்றொரு சிகரம்.
அதன் தலையில் சூரியன் வந்து நின்றால்
ஊரில் சூப் பரிமாறுவார்கள்.
அதன்மேல் ஏறி நிற்பவருக்கோ
மணி தெரியாது.
"கடிகார முள்ளில் போய் யார் உட்காருவது?"
என்றாள் மெஞ்சா.
தவிர, அங்கே செம்மறிகள்.
செம்மறிகளுக்கு நாய்கள்.

மிச்சம் ஒன்று.
நெடுக்கு மடிப்பும் குறுக்கு மடிப்பும்
சந்திக்கும் இடத்தில் காகிதம் தேய்ந்து
விரல் நுழையும் ஓட்டை.
உள்ளே மேசையின் மரம் தெரிகிறது.
அங்கேதான் இருக்கிறாள்
லா சுவோர்தா,
செவிடி.
எவ்வளவு கத்தினாலும்
எதிரொலி தராததால் வந்த பெயர்.

"என்ன இருக்கிறது அங்கே?
பாதை கிடையாது, தண்ணீர் கிடையாது.
கடைசி அரைமணி நேரம் வெறும் சரளை,
இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கும்"
என்றாள் மெஞ்சா,
ரொட்டியை வேண்டியதைவிடத் தடிமனாக அறுத்தபடி.
"போய் வந்தவள் மாதிரி பேசுகிறாயே."
"கேள்விப்பட்டதுதான்."

இரண்டுக்கு ஒன்று.
கிளம்பினோம்.

ஊசியிலைக் காடு முடிய ஒன்றரை மணி நேரம்.
பிறகு புல்.
எங்கள் வரவை ஒன்றுக்கொன்று
விசிலடித்துச் சொல்லிக்கொண்ட மர்மோட்டுகள்.
பிறகு சரளை.
இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கியது,
சொன்னபடியே.
உருகாத பனித்திட்டு குறுக்கே வந்தபோது
துமாஷும் நானும் நின்று யோசித்தோம்.
மெஞ்சா தலைநிமிராமல்
இடப்பக்கம் திரும்பி நடந்தாள்.

உச்சியில் ஒரு கம்பம்.
கம்பத்தில் கட்டிய தகரப்பெட்டி.
பெட்டிக்குள் நோட்டு,
சுண்டுவிரலைவிடச் சிறிய பென்சில்.
கடைசியாக எழுதிய பக்கத்தில்:

அக்டோபர் ஒன்பது. தெளிந்த வானம்.
யாரும் இல்லை. கத்தினேன்.

பெயர் இல்லை.
ஆனால் ரொட்டிக் கடையின் கடன் நோட்டில்
என் பெயருக்கு நேரே வாராவாரம் பார்க்கும்
வலப்பக்கம் சாய்ந்த அதே எழுத்து.
அக்டோபரில் கூரில் பல் பிடுங்கப் போனதாய்ச் சொல்லி
வீங்காத கன்னத்தோடு திரும்பியவளுக்கு
மூன்று நாள் கஞ்சி கொடுத்தனுப்பினேன்.
பாத்திரங்களைக் கழுவித்தான் திருப்பித் தந்தாள்.

நிமிர்ந்தேன்.
ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ நாடாவை
அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.
புதிய பக்கம் திருப்பி
மூன்று பெயரையும் நானே எழுதினேன்.

துமாஷ் கைகளைக் குவித்துத்
தன் மூத்த பசுவின் பெயரைக் கத்தினான்.
காத்திருந்தான்.
மறுபடி கத்தினான்.
"நிஜமாகவே செவிடிதான்!"
அவனுக்கு ஒரே சந்தோஷம்.
"நீயும் கத்திப் பாரேன், மெஞ்சா."
"எனக்குத் தொண்டை சரியில்லை."

இரண்டாக இன்னும் பத்து நிமிடம் இருக்கையில்
மழை பிடித்துக்கொண்டது.
வானொலி தோற்றது, பசுக்கள் ஜெயித்தன.
ஊசியிலைக் காட்டுக்குள் ஓடினோம்,
சிரித்தோமா என்று நினைவில்லை,
முழங்கால் வலித்தது.

திரும்பி வந்ததும்
துமாஷ் இழுப்பறைகளைக் குடைந்தான்,
ஓட்டையை அடைக்க ஒட்டுநாடா தேடி.
மெஞ்சா வரைபடத்தை எடுத்து
அதே மடிப்பில் மடித்தாள்.
ஈரமாக இருக்கிறது, என்றாள்.
முதலில் காயட்டும்.